வெள்ளித்தாள் சப்பாத்தி

ஜன்னலோரம் நீங்களே இருங்கக்கா, எனக்கு வெயில் பட்டா தலை கிறுகிறுங்கும். கமுதிக்குத்தானே போறீக? நானும் கமுதிதான். பஸ்ஸு எடுக்க இன்னும் நேரமிருக்கு. டிரைவரு டீக்கடையில நிக்காரு பாருங்க, வடையை ஊதி ஊதித் திங்காரு. அவருக்கென்ன அவசரம்? அவரா போயி என் நாத்தனாரு முன்னாடி நிக்கப் போறாரு?

இந்தா, மறுபடியும் போன் அடிக்குது. அவுகதான். அடிக்கட்டும். ஞாயித்துக்கெழமையிலேருந்து அடிச்சுக்கிட்டுத்தான் இருக்காக. எடுத்து என்னத்தைச் சொல்றது? போன்ல சொல்ற சமாச்சாரமா இது? நேர்ல போயித்தான் சொல்லணும். எப்படி ஆரம்பிக்கிறதுன்னுதான் தெரியலை. நீங்க தப்பா நினைக்கலைன்னா ஒங்ககிட்ட ஒருவாட்டி சொல்லிப் பாத்துக்கிறேன். ஒங்க மொகத்தைப் பாத்தா நியாயம் தெரிஞ்சவுக மாதிரி இருக்கு. எம்மேல தப்பிருந்தா சொல்லுங்க. இருக்காது. இருந்தா சொல்லுங்க.

எனக்கு ஒரே பையன். மகேந்திரன்னு பேரு. மெட்ராஸ்ல கம்ப்யூட்டர் வேலை. வயசு முப்பத்தி மூணு. இன்னும் ஏன் கல்யாணம் ஆகலைன்னு கேக்காதீக. கேட்டா நாத்தனாரைப் பத்திப் பேசணும், பேசுனா பொல்லாப்பு. பேச்சியம்மான்னு பேரு. எங்க வீட்டுக்காரரோட அக்கா. எங்க வீட்டுல எது நடந்தாலும் கமுதியில அவுக சரின்னு சொன்னாத்தான் நடக்கும். இதே அருப்புக்கோட்டைல நாங்க பெயிண்டுக்கடை வச்சிருக்கோம். அந்தக் கடைச் செவுத்துக்கு என்ன பெயிண்டு அடிக்கணும்னுகூட அவுகதான் சொன்னாக. அதனாலதான் அது அப்படி இருக்கு.

பையனுக்குப் பாத்த பொண்ணையெல்லாம் வேண்டாம்னதும் அவுகதான். ஒரு பொண்ணு சிரிச்சாச் சத்தம் வருதுன்னாக. இன்னொரு பொண்ணுக்குச் சிரிப்பே வரலைன்னாக. ஒரு வீட்டுல பஜ்ஜிக்குச் சட்னி வைக்கலை. அடுத்த வீட்டுல வச்சாக, ஆனா அதைப் பொண்ணோட அப்பா கொண்டாந்து வச்சாரு. ஆம்பளை கரண்டி பிடிக்கிற வீடு நமக்கு ஆகாதுன்னுட்டாக. நான் அப்படியில்லக்கா. நான் யாரையும் குத்தம் சொல்ல மாட்டேன். அந்தச் சட்னியில உப்பு இல்லைங்கிறது வேற விஷயம்.

இப்ப வந்த பொண்ணு பேரு வினோதினி. மெட்ராஸ்தான். கம்ப்யூட்டர்ல பொண்ணு மாப்பிள்ளை பாத்துக்கிற எடம் இருக்காமே, அதுல எம் மகனே தேடிக் கண்டுபிடிச்சான். "அம்மா, நம்ம ஆளுகதான், ஒன்பது பொருத்தம் இருக்கு, ஒருதடவை வந்து பாருங்க"ன்னான். இத்தனை வருஷமா எந்தப் பொண்ணு போட்டோவையும் நிமிந்து பாக்காத பய, இந்த ஜாதகத்தை அவனே ரெண்டு எடத்துல காட்டிக் கையில வச்சிருந்தான். எல்லாம் குருப்பெயர்ச்சி.

ஆனா வீட்டுல வச்சுப் பொண்ணு பாக்குறது வேண்டாம்னு அந்தப் புள்ளை சொல்லிருச்சாம். தட்டைத் தூக்கிக்கிட்டு வந்து நிக்க மாட்டாளாம். வெளியில ஒரு ஹோட்டல்ல உக்காந்து பேசுவோம், நாங்க கூப்பிடுறோம், நீங்க வாங்கன்னு அவுக அம்மா போன் பண்ணாக. சரி, ஹோட்டல்னா நெய்த்தோசை, பில்டர் காபின்னு நான் நினைச்சுக்கிட்டேன். மகன் சொல்றான், அது மெக்சிகோ ஹோட்டலாம். எனக்கு மெக்சிகோ எந்தப் பக்கம் இருக்குன்னே தெரியாது. ராமேஸ்வரம் தாண்டி நான் யோசிச்சதே இல்லை.

நாத்தனாருக்கு மூட்டுவலி, மெட்ராஸ் வரைக்கும் ரயில்ல உக்காந்து வர முடியாது. போன்ல கூப்பிட்டுச் சொன்னாக.

"இந்தா பாரு சொர்ணம். காபியைக் குடி. பஜ்ஜியைத் தின்னு. சோத்துல மட்டும் கை வச்சிராத. நான் வந்து பொண்ணைப் பாக்கணும். நான் கை நனைச்ச பெறகுதான் நீ."

"சரிங்க மதினி."

"சரின்னா பத்தாது. மாரியம்மன் மேல சத்தியம் பண்ணு."

பண்ணேன். ஒங்களுக்குத் தெரியாததா? பொண்ணு பாக்கப் போனா பலகாரம் திங்கலாம், காபி குடிக்கலாம், அதுக்கெல்லாம் கணக்கில்லை. பொண்ணு வீட்டுச் சோறு ஒரு வாய் உள்ள போச்சுன்னா சம்மதம்னு அர்த்தம். கை நனைச்சாச்சு, சம்பந்தம் முடிஞ்சாச்சு. பெறகு பின்வாங்குனா ஊரு சிரிக்கும். எங்க சின்ன மாமா ஒருத்தரு பொண்ணு பாக்கப் போன எடத்துல பசி தாங்காம ரசத்துக்கு ரெண்டு கரண்டி சோறு வாங்கித் தின்னுட்டு, அந்தப் பொண்ணையே கட்டிக்கிட்டாரு. நல்லாத்தான் இருக்காக. ஆனா மனுஷன் அன்னையிலேருந்து ரசத்தைத் தொடுறதில்லை.

ரயில் ஏறுன பெறகு எனக்கு ஒரு சந்தேகம். ஹோட்டல்னா அது யாரு வீடு? எங்க வீட்டுக்காரரைக் கேட்டேன்.

"ஹோட்டல்காரன் வீடு"ன்னாரு.

"வெளையாடாதீக. அவுகதானே கூப்பிட்டிருக்காக? கூப்பிட்ட எலை அவுக எலைதானே?"

"எங்கக்காவையே கேளு"ன்னுட்டு மேல் பெர்த்துல ஏறித் திரும்பிப் படுத்துக்கிட்டாரு. கேட்டேன். கூப்பிட்ட எலை அவுக எலைதான்னு நாத்தனாரும் போன்ல சொன்னாக. நான் சொன்னது சரியாப் போச்சு. எங்க வீட்டுக்காரரு பாவம்க்கா, அக்கா பேச்சுக்கு மறுபேச்சு பேசாத மனுஷன். வேணும்னும் சொன்னதில்லை, வேண்டாம்னும் சொன்னதில்லை. வெள்ளையடிச்ச செவுரு மாதிரி.

அந்த ஹோட்டலு பெசன்ட் நகர்ப் பக்கம் ஒரு சந்துக்குள்ள இருக்கு. ஹோட்டல்னு சொல்ல முடியாது, வீடுதான். திருவிழாவுக்குக் கட்டுற மாதிரி கலர்க் காயிதத்தை வெட்டித் தோரணம் கட்டிருக்காக. வாசல்ல கள்ளிச்செடியைத் தொட்டியில வச்சுத் தண்ணி ஊத்துறாக. கள்ளி மண்டிக் கெடக்குற நம்ம கம்மாய்க்கரைக்கு வந்து பாத்தா அந்தம்மா மயங்கி விழுந்துரும்.

அந்தம்மான்னா, ஹோட்டல்காரம்மா. லூசியான்னு பேரு. மெக்சிகோக்காரிதான். புருஷன் ரோமால்ட்னு தூத்துக்குடிக்காரரு, கப்பல்ல சமையல்காரரா இருந்து, போன எடத்துல இந்தம்மாவைக் கட்டிக் கூட்டியாந்துட்டாரு. ரெண்டு பேருந்தான் நடத்துறாக. அந்தம்மா செக்கச் செவேல்னு இருந்துக்கிட்டு "வாங்க மக்கா, உள்ள வாங்க"ன்னு தூத்துக்குடித் தமிழ் பேசுது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு.

ரோமால்ட்டு எம் மகனைப் பாத்ததும், "வாங்க தம்பி, ஒங்க மேசை காலியாத்தான் இருக்கு"ன்னாரு. என்ன மரியாதை பாருங்க, வாசல்ல கால் வச்ச ஒடனே மேசையை நமக்குன்னு சொல்லிட்டாரு. லூசியா எம் மகன் கன்னத்தைக் கிள்ளிக் கொஞ்சுனா. அவுக நாட்டுல வந்தவுகளை அப்படித்தான் கூப்பிடுவாக போலிருக்கு. எங்க வீட்டுக்காரரு கன்னத்தை யாரும் கிள்ளலை. ஷேவ் பண்ணாம வந்திருந்தாரு.

மேசையில அந்தப் பொண்ணும், அவுக அம்மா உமாராணியும் இருந்தாக. உமாராணி ஸ்கூல் டீச்சரு. பொண்ணோட அப்பா தனசேகரனுக்கு மஸ்கட்ல வேலை, லீவு கெடைக்கலையாம். அதனால அவரைப் போன்ல கூப்பிட்டு, அந்தப் போனைக் காரக்கொழம்பு மாதிரி என்னவோ ஊத்தி வச்சிருந்த பாட்டில் மேல சாய்ச்சு, சரியா எனக்கு நேரா வச்சுட்டாக. கழுத்துக்கு மேல மட்டும் ஒரு மனுஷன் மேசையில உக்காந்திருந்தா நமக்கு எப்படி இருக்கும்?

"வணக்கம் சம்பந்தி"ன்னாரு.

இன்னும் சம்பந்தி ஆகலைன்னு மனசுக்குள்ள சொன்னேன். வாயில "வணக்கம்ணே"ன்னேன்.

பொண்ணு சேலை கட்டலை. சுடிதாரு. நெத்தியில பொட்டு கடுகத்தனை. நான் கொஞ்சம் மொகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டுத்தான் உக்காந்தேன். அவ எழுந்து வந்து என் பையை வாங்கி வச்சுட்டு, "அத்தை, பிரஷர் மாத்திரை போட்டாச்சா? இல்லைன்னா முதல்ல ஏதாவது கொஞ்சம் சாப்பிடுங்க"ன்னா. எனக்குப் பிரஷர்னு அவளுக்கு எப்படித் தெரியும்? மொகத்தைப் பாத்தே கண்டுபிடிச்சிருக்கா. கெட்டிக்காரி.

நாங்க வாயைத் தொறக்குறதுக்கு முந்தியே ஒரு கூடையில அப்பளத்தை உடைச்ச மாதிரி முக்கோணம் முக்கோணமாக் கொண்டாந்து வச்சாக. கூட ஒரு கிண்ணத்துல தக்காளித் தொக்கு. தொக்குன்னா அடுப்பைக் காணாத தொக்கு, பச்சையா வெட்டிப் போட்டது.

"நாங்க ஒண்ணும் சொல்லலியே"ன்னேன்.

"இது வந்து உக்காந்தா எல்லாருக்கும் வைக்கிறதும்மா, தண்ணி மாதிரி"ன்னாரு ரோமால்ட்டு.

"அரிசி மாவா?"

"மக்காச்சோளம்மா."

சோளம்னா பலகாரம். தின்னேன். நல்லா மொறுமொறுன்னு இருந்துச்சு. கூடை காலியானதும் இன்னொரு கூடை வந்துச்சு. அந்தப் பொண்ணு சத்தமில்லாம எம் மகன் பக்கம் இருந்த தொக்கைத் தள்ளி வச்சுட்டு, கொத்தமல்லி போடாதது ஒரு கிண்ணம் வாங்கி வச்சா. அவனுக்குச் சின்னதுலேருந்தே கொத்தமல்லி ஆகாதுக்கா. பொருத்தம்னா இப்படித்தான், கேக்காமலே தானா அமையும். ஒன்பது பொருத்தம் சும்மாவா?

பெறகு என்னென்ன இருக்குன்னு போட்ட அட்டையைக் குடுத்தாக. நான் எட்டாப்பு பாதியில நின்னவ. இங்கிலீஷ் எழுத்து தெரியும், கூட்டிப் படிக்க வராது. கூட்டிப் படிச்சாலும் அது இங்கிலீஷே இல்லையாம், அவுக பாஷையாம். எங்க வீட்டுக்காரரு கண்ணாடியைப் போட்டுக்கிட்டு அந்த அட்டையை நெடுநேரம் படிச்சாரு. கடைக்கு வர்ற பெயிண்டு டப்பாவைக்கூட அப்படிப் படிச்சதில்லை. பெறகு கை கழுவிட்டு வாரேன்னு போயி, கல்லாப் பக்கம் ரோமால்ட்டு காதுல என்னவோ கேட்டுக்கிட்டு நின்னாரு. ரெண்டு பேரும் என்னையத் திரும்பிப் பாத்தாக. ரோமால்ட்டு தோளைக் குலுக்கிச் சிரிச்சாரு. ஊர்க்கதை பேசியிருப்பாக.

வந்து உக்காந்து, "ஒனக்குச் சப்பாத்தி சொல்லிருக்கேன். பயறு மசால் வச்சுச் சுருட்டித் தருவாங்க. சைவம்"ன்னாரு.

"சோறு கீறு இல்லையே?"

"சப்பாத்தி சப்பாத்திதான்."

அந்தப் பொண்ணு, "புரிட்டோவா மாமா? அத்தை, அதுக்குள்ள..."ன்னு ஆரம்பிச்சா. ஒடனே இவருக்கு இருமல் வந்துருச்சு. "ஏம்மா வினோதினி, அந்தத் தண்ணியை இப்படித் தள்ளு தாயி"ன்னாரு. அவ அவரைப் பாத்தா. தண்ணி ஊத்திக் குடுத்தா. பெறகு ஒரு வார்த்தை பேசலை. பெரியவுக இருமுனா வாயை மூடிக்கிற பொண்ணு இந்தக் காலத்துல எங்கக்கா கெடைக்கும்?

நான் கேக்க வேண்டியதைக் கேக்காம விடலை. "சமைப்பியாம்மா?"ன்னேன்.

"ரசம் நல்லா வைப்பேன் அத்தை. மத்ததும் வைப்பேன், ஆனா எல்லாம் ரசமாவே வந்துரும்."

மேசையே சிரிச்சுச்சு. போனுக்குள்ள மஸ்கட்டும் சிரிச்சுச்சு. நான் சிரிக்கலை. பல்லைக் கடிச்சு அடக்கிக்கிட்டேன். மாப்பிள்ளையோட அம்மா அவ்வளவு சுளுவாச் சிரிக்கப்படாதுல்ல.

சப்பாத்தி வந்துச்சு. கைப்புள்ளையைத் துணியில சுத்துன மாதிரி வெள்ளித்தாள்ல சுத்தி, அவ்வளவு பெருசு. மேல கொஞ்சம் உரிச்சுட்டு, சோளக்கதிரைக் கடிக்கிற மாதிரி கடிக்கணுமாம். கடிச்சேன். புளிப்பும் காரமும் பயறும் என்னவோ பாலாடை மாதிரியும். சும்மா சொல்லப்படாது, ருசியாத்தான் இருந்துச்சு. ரயில்ல ஒரு காபி குடிச்சதோட சரி, பசி வேற. நான் குனிஞ்ச தலை நிமிரலை.

பாதி போயிருக்கும். மஸ்கட்டுலேருந்து சத்தம் வருது.

"உமா... ஏ உமா. சம்பந்தியம்மா சேலையில பாரு. அது சோறா?"

குனிஞ்சு பாத்தேன். சந்தனக்கலர்ச் சேலைக்கா. அதுல செவப்பா ரெண்டு பருக்கை. கையில இருந்த வெள்ளித்தாளை விரிச்சேன். சோறு! தக்காளிச்சோறு மாதிரி, அப்படியே ஒரு கைப்பிடி சோறு உள்ள உக்காந்திருக்கு. எந்த ஊர்லயாவது சப்பாத்திக்குள்ள சோத்தை வைப்பாகளா? சப்பாத்தின்னா சப்பாத்தி, சோறுன்னா சோறு. ரெண்டையும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு ஒளிச்சு வச்சா மனுஷி எதை நம்புறது?

"கை நனைச்சாச்சு! உமா, சம்பந்தியம்மா கை நனைச்சுட்டாங்க!" மஸ்கட்டு போட்ட சத்தத்துல போனே மல்லாந்து விழுந்துருச்சு. விட்டத்தைப் பாத்துக்கிட்டே கத்துறாரு. உமாராணி கண்ணைத் துடைச்சுக்கிட்டு எழுந்து வந்து, தொக்கு ஒட்டுன என் கையைப் பிடிச்சுக்கிட்டாக. லூசியா என்ன ஏதுன்னு தெரியாமலே கையைத் தட்டுனா.

எனக்குக் கண்ணு முன்னாடி நாத்தனாரு மொகம். "இல்ல, இல்ல, நான் மாரியம்மன் மேல சத்தியம் பண்ணிருக்கேன். என் நாத்தனாரு வந்து பாக்காம நான் கை நனைக்கப்படாது"ன்னுட்டேன். சொல்லியாச்சு. உமாராணி என் கையை மெதுவா விட்டுட்டாக. லூசியாவும் கை தட்டுறதை நிறுத்திட்டா.

எம் மகன்தான் பேசுனான். "அம்மா தெரியாமச் சாப்பிட்டாங்க. இதைக் கணக்குல எடுத்துக்காதீங்க. எங்க அத்தை வந்து பாக்கட்டும்"ன்னான். யாரு மொகத்தையும் பாக்கலை, மேசையைப் பாத்துக்கிட்டே சொன்னான். ஒவ்வொரு பொண்ணையும் நாத்தனாரு வேண்டாம்னப்பவும் இப்படித்தான் "சரி"ன்னு சொல்லிருக்கான், ஒண்ணும் புதுசில்லை. ஆனா இந்தத் தடவை காலித் தம்ளரை ரெண்டு வாட்டி எடுத்துக் குடிச்சான். பசியாயிருக்கும். அவன் தட்டுல வச்சது வச்ச மாதிரி இருந்துச்சு.

அந்தப் பொண்ணு ஒரு காயிதத்தைத் தண்ணியில நனைச்சு என் சேலையில இருந்த பருக்கையைத் தொடைச்சு எடுத்தா. "அத்தை, பாதிதானே சாப்பிட்டிருக்கீங்க. வேண்டாம்னா வச்சிருங்க. நாங்க யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டோம்"ன்னா. சொல்லும்போது பருக்கை போன எடத்தையே திரும்பத் திரும்பத் தொடைச்சா. சுத்தக்காரி.

எல்லாரும் என்னையவே பாக்காக. மல்லாந்து கெடந்த மஸ்கட்டை உமாராணி நிமித்தி வச்சாக, அவரும் பாக்காரு. எங்க வீட்டுக்காரரு மட்டும் என்னையப் பாக்கலை, கூடையில அப்பளத்தைத் தேடிக்கிட்டிருந்தாரு. என் கையில மிச்சப் பாதி. அதைக் கீழ வச்சா ஒண்ணுமே நடக்கலைன்னு ஆயிரும். வச்சுட்டு எழுந்து வந்துறலாம். நாத்தனாருக்குப் பதில் சொல்ல வேண்டிய வேலையும் இல்லை.

நீங்களே சொல்லுங்கக்கா. சோத்தைப் பாதியில வச்சுட்டு எந்திரிக்கலாமா? எங்க வீட்டுல அந்தப் பழக்கமே கெடையாது. சோத்தை வீணாக்குனா லட்சுமி தங்க மாட்டா. நாத்தனாரே அதைச் சொல்லுவாக. அதனால தின்னேன். முழுசாத் தின்னேன். வெள்ளித்தாள் அடியில ஒட்டுனதையும் விரலால வழிச்சுத் தின்னேன். வீணாப் போகப்படாதேன்னுதான். வேற ஒரு காரணமும் கெடையாது.

தின்னு முடிச்சுட்டுக் கையைத் தொடைச்சுக்கிட்டு, "ஏம்மா வினோதினி, அந்த அப்பளத்தை இன்னும் கொஞ்சம் கொண்டாரச் சொல்லு. ஒங்க மாமா தேடுறாக"ன்னேன். அவ சிரிச்சா பாருங்க, அந்தச் சந்து முனை வரைக்கும் கேட்டிருக்கும். சத்தம் வரத்தான் செஞ்சுது. வந்துட்டுப் போகுது. எம் மகன் அதுக்குப் பெறகு மூணு தட்டு தின்னான். நான்தான் சொன்னேன்ல, பசின்னு.

வெளியில வந்து எங்க வீட்டுக்காரரைப் பிடிச்சேன். "ஒங்களுக்குப் படிக்கத் தெரியும்ல, சோறுன்னு போட்டிருக்கலையா?"ன்னேன். "நான் என்னத்தைக் கண்டேன்"ன்னாரு. பாவம், படிச்சவரே ஏமாந்துட்டாரு, நான் எம்மாத்திரம்? திரும்பி வரும்போது ரயில்ல மேல் பெர்த்துலேருந்து சீட்டியடிக்கிற சத்தம் கேட்டுச்சு. எனக்குக் கல்யாணமான நாள்லேருந்து அவரு சீட்டியடிச்சு நான் கேட்டதில்லை. தூக்கத்துல அடிச்சிருப்பாரு.

அப்பாடா, டிரைவரு ஏறிட்டாரு.

இப்ப நாத்தனாரு விஷயத்துக்கு வாரேன். உமாராணி வீட்டுக்கு அம்பாசமுத்திரத்துல வயல் இருக்கு. கெளம்பும்போது அவுக வீட்டு அரிசி ஒரு பை குடுத்துவிட்டாக. இன்னைக்கு வெள்ளன எந்திரிச்சு அந்த அரிசியைத் தக்காளி போட்டு வடிச்சு, தட்டைப்பயறு மசால் பண்ணி, பெருசு பெருசாச் சப்பாத்தி போட்டுச் சுருட்டிட்டேன். அந்த லூசியாவுக்கு ஒண்ணும் கொறைச்சல் இல்லாம வந்திருக்கு. வெள்ளித்தாள் எங்க வீட்டுக்காரருதான் வாங்கியாந்து சுத்திக் குடுத்தாரு. என்னா இறுக்கமாச் சுத்திருக்காருங்கறீக, ஒரு பருக்கை வெளியில தெரியலை. கூட வாங்கன்னேன். கடைக்குச் சரக்கு வருதாம், வர முடியாதாம்.

"மதினி, மெட்ராஸ்ல புதுசா ஒரு சப்பாத்தி படிச்சுட்டு வந்தேன்"னு குடுப்பேன். அவுக பாதி திங்கட்டும். பெறகு பேச்சை எடுப்பேன். பொண்ணு வீட்டுச் சோறு உள்ள போன பெறகு அவுக என்ன சொல்ல முடியும்? அவுக போட்ட சட்டந்தானே?

இந்தாங்க, ஒண்ணு நீங்க தின்னுங்க. அட, கூச்சப்படாதீக, நெறைய இருக்கு. வெளியூர்ப் பயணத்துல பசியோட வரலாமா? தாளை மேல மட்டும் உரிங்க. ஆங், அப்படித்தான். ஒரு கையால கம்பியைப் பிடிச்சுக்கங்க, பள்ளம் வருது.

எப்படியிருக்கு? நல்லாருக்குல்ல? சோறு கையில உதிருது பாருங்க, அதையும் எடுத்து வாயில போட்டுக்கங்க.

அப்ப சரி. கமுதியில எறங்குனதும் நேரா எங்கூட நாத்தனாரு வீட்டுக்கு வந்துருங்க. நான் தனியா நின்னா அவுக பேச விட மாட்டாக, சாட்சிக்கு ஒரு ஆளு வேணும். தை மாசம் கல்யாணம், அதுக்கும் நீங்க வரணும். ஒங்களுக்கு என்ன சம்பந்தம்னு பாக்காதீக. பொண்ணு வீட்டுச் சோறு தின்னுட்டீகள்ல? உள்ள என்ன இருக்குன்னு தெரியாமத் தின்னா, அது பசி, மன்னிச்சு விட்டுறலாம். நீங்க எல்லாத்தையும் கேட்டுட்டு, தெரிஞ்சேதான் தின்னீக.

தெரிஞ்சு தின்னா அதுக்குப் பேரு சம்மதம்க்கா.